மைனஸ் பதினெட்டு

பகலெல்லாம் நான் எழுதுவது அழியாத மையில்.
காலரின் உள்மடிப்பில், இடுப்புப்பட்டியின் பின்னால்
நானூற்றுப் பதினேழு, நானூற்றுப் பதினெட்டு.
எத்தனை வெளுப்புக்கும் தாங்க வேண்டும்.
தாங்காவிட்டால் ஒருவன் சட்டை இன்னொருவன் வீட்டுக்குப் போகும்,
சண்டை என்னிடம் வரும்.

இரவில் எனக்குத் தேவைப்பட்டது வேறு:
தைக்கும்வரை இருந்து
தைத்ததும் கிளம்பிவிடுகிற கோடு.

ரூவியில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் லாண்டரி.
ஆறு மாதமாய்க் கேட்பாரில்லாத சட்டைகளை
எடுத்துக்கொள் என்றார் முதலாளி.
பதினொன்று தேறியது. நடுவில் வைக்க ஒரு கிழிந்த கம்பளி.
கட்டம் கட்டமாய்த் தைத்து ஒரு கையில்லா அங்கி,
என் அறைக்காரன் ததேயுஸுக்கு.
வாதி கபீரில், உறைகோழிக் கிடங்கில் அவனுக்கு வேலை.
வெளியே நாற்பத்தாறு, உள்ளே மைனஸ் பதினெட்டு,
கம்பெனி கோட்டு மூன்று பேருக்கு ஒன்று.

முதலில் சாக்பீஸ்.
நல்ல பொருள்தான், என் முழங்கைக்குத்தான் அது புரியவில்லை.
இந்த முனையில் நான் இழுக்க இழுக்க
அந்த முனையை வியர்வையோடு துடைத்துக்கொண்டே வந்தது.
தேய்ந்த சோப்புத் துண்டு கறுப்பில் அழகாய் விழுந்தது;
வெள்ளைச் சட்டையில்
விழுந்ததா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஹம்ரியா ஃபேன்சி ஸ்டோரில் மரிசெல்
மூன்று பேனாக்களை எடுத்து வைத்தாள்.
ஊதா காற்றிலேயே போய்விடுமாம், ஒரு நாள் நிற்குமாம்.
ஆகஸ்டு மாதத்து ரூவிக் காற்று
அதற்கு ஒரு நாளெல்லாம் கொடுக்கவில்லை.
சோறு தின்று கை கழுவி வருவதற்குள் வெறும் துணி.
நீலம் தண்ணீர் தொட்டால் போகும்,
முதலில் சூடு பட்டுவிட்டால் போகவே போகாது.
அதை இஸ்திரிக்காரனுக்கு விற்பது
பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது.
மூன்றாவது, சூட்டில் மறைவது.
சட்டை வாலில் ஒரு கோடு, மேலே பெட்டி,
கோடு இல்லை.
நானூறு பைசா கூடுதல்தான். இருந்தாலும்
என் தொழிலுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது.

இடது மார்பு, உள்பக்கத் துணி.
கட்டத்துக்கு எத்தனை விரற்கடை என்று
ஓரமாய்க் கூட்டிக்கொண்டிருந்தபோது
கை வேறு கணக்குக்குத் தாவிவிட்டது:
ததே. வாடகை பத்து. ரீசார்ஜ் இரண்டு.
மார்ச்சில் நாலு. ஆக, பதினாறு ரியால்.
அடியில் இரண்டு கோடும் போட்டேன்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கேட்க வேண்டாம் என்று தோன்றியது.
பெட்டியை வைத்தேன். கட்டங்கள் போயின,
கூட்டலும் போயிற்று.
மனசு லேசானதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் இரவு ஷிப்டுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனான்.
விடிந்து வந்தவன் கழற்றி என் கட்டிலில் விரித்தான்.
நான் இழுத்த எல்லாக் கோடும் வந்திருந்தது,
கோணலாய் இழுத்து மாற்றியதும்கூட.
"சூட்டுல போறது குளிர்ல வருதுடே" என்றான்.
அவ்வளவுதான். குளிக்கப் போய்விட்டான்.
நாற்பத்தாறு டிகிரியில் நடந்து வந்தும்
அழிய அந்த வெயில் போதவில்லை.
உள்ளே திருப்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சம்பளம் வந்த வியாழன்
இஸ்திரி மேசைமேல் அங்கி மடித்துக் கிடந்தது,
அடியில் எட்டு ரியால்.
மார்புப் பக்கத்தில் என் பதினாறு,
அதன் கீழே பால்பாயிண்டில்
அவனுடைய கோழிக்கால் எழுத்து: மீதி எட்டு, அடுத்த மாசம்.

பெட்டியைச் சூடாக்கி மேலே ஓட்டினேன்.
நான் எழுதியது போயிற்று.
அவன் எழுதியது நின்றது.
இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தேன்.